ராசுவும் பன்னிரண்டு அடிக் கயிறும்

ராசு என்னைக் கடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன், முதுகு அவன் பக்கம். சட்டையோடு சேர்த்து இடது தோளைக் கவ்வி ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு விட்டான். குதிரைக்கடி நாய்க்கடி மாதிரி ஓட்டை போடாது, இடுக்கியில் வைத்து நசுக்கின மாதிரி இருக்கும். தோல் பெரிதாகக் கிழியவில்லை, ஆனால் இரண்டு வாரத்துக்கு அந்தத் தோளில் நாவல்பழத்தில் ஆரம்பித்து எலுமிச்சம்பழம் வரைக்கும் எல்லா நிறமும் வந்து போனது. வலியில் பக்கத்தில் கிடந்த தென்னமட்டையை எடுத்து மூஞ்சியிலேயே நாலு போட்டேன். அவன் பின்னங்கால்களில் எழுந்து நின்றான், நான் பின்னாலேயே போய்ச் சாணிக்குழியில் உட்கார்ந்தேன். திண்ணையிலிருந்து அம்மா, "குதிரை கீழ தள்ளுனதும் இல்லாம குழியும் பறிச்சுதாம்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். குழி நான் போன மாசம் பறித்தது.

அவனை வாங்கினது அந்தியூரில். ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவோடு கூடுகிற சந்தை, திப்பு சுல்தான் காலத்திலிருந்தே நடக்கிறது என்று சொல்வார்கள். கத்தியவாரி, மார்வாரி, வெள்ளை நொக்ரா என்று வடக்கத்திச் சாதிக் குதிரைகளும் நம்மூர் மட்டக்குதிரைகளும், இன்னதென்று சொல்ல முடியாத கலப்புகளும் வரிசையாக நிற்கும். ராசு கத்தியவாரி, செவலை. காது இரண்டும் உள்பக்கமாக வளைந்து நுனி ஒன்றையொன்று தொடும். கூட வந்த மாமா சுழி பார்த்தார், கழுத்தடியில், நெற்றியில், முதுகில். அப்புறம் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தோம், நடுவில் இரண்டு பால்பல் விழுந்து பெரிய பல் எட்டிப் பார்த்தது, அப்படியென்றால் இரண்டரை வயது. தரகர் துண்டைப் போட்டு விரலைப் பிடித்து விலை பேசினார். எல்லாம் முடிகிற நேரத்தில் பிடித்துக்கொண்டிருந்த ஆள் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினார், குட்டி அப்படியே இரண்டு காலில் எழுந்து நின்றது, சுற்றி நின்றவர்கள் விசிலடித்தார்கள், நான் விழுந்துவிட்டேன். காலைத் தூக்க விடுவானா, தனியாக ஒரு ஆள் பிடித்து நடக்க முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. வாங்குகிறவன் நான்தானே, நானே கேட்கவில்லை.

தோப்புக்கு வந்த மூன்றாவது மாதத்தில் ராசுவைப் பிடிக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது. ரோட்டில் கல்யாண ஊர்வலத்துக்குப் பெட்டைக் குதிரை போனால் தென்னந்தோப்பே அதிரக் கனைப்பான். கயிற்றைப் பிடித்து நடத்தினால் தோளால் இடிப்பான், கையைக் கிள்ளுவான், தடுத்தால் எழுந்து நிற்பான். பின்காலைத் தொட முடியாது. லாடக்கார பாய் முதல்முறை வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு லாடம் அடிக்கணும்னா எனக்கு முதல்ல இன்சூரன்ஸ் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யோசனைக்குப் பஞ்சமே இல்லை. அடித்து வளை என்றார்கள், மூன்று நாள் பட்டினி போடு என்றார்கள், காயடித்துவிடு என்றார்கள், அடுத்த ஆடிக்கே தள்ளிவிட்டுடு என்றார்கள். கடைசி யோசனை எனக்கும் பிடித்திருந்தது. அப்படி யாரோ தள்ளிவிட்டுத்தான் அவன் என்னிடம் வந்தான் என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை.

பழக்கம், பயிற்சி எல்லாம் பேசுவதற்கு முன்னால் அவன் வாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் என்று பழமொழி வைத்திருக்கிறோம், குதிரை ஏதோ கள்ளத்தனம் பண்ணுகிற மாதிரி. கால்நடை மருத்துவர் வந்து ராசுவின் வாயைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். உதட்டு ஓரம் இரண்டு பக்கமும் பழைய தழும்பு, நாக்கில் ஒரு வெட்டு ஆறின கோடு. முன்னே யாரோ முள் கடிவாளம் போட்டிருக்கிறார்கள். வண்டி இழுக்கிற, சுமை தூக்குகிற விலங்குகளுக்காக 1965இல் வந்த மத்திய அரசு விதிகளிலேயே முள் வைத்த கடிவாளம் கூடாது என்று இருக்கிறது, சந்தைக் கடைகளில் இன்றைக்கும் தொங்குகிறது. போதாததற்கு மேல்தாடையில் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் ஓநாய்ப் பல் என்று ஒரு சின்னப் பல், கடிவாள இரும்பு சரியாக அதில் இடிக்கும். அதைப் பிடுங்கினார். ஆறு மாதத்துக்கு இரும்பே வேண்டாம் என்றார். எழுந்து நிற்கிறதில், தலையை உதறுகிறதில் எவ்வளவு திமிர், எவ்வளவு வலி என்று அதற்கு மேல் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்தது தீனி. இரண்டரை வயதுக் குட்டிக்கு வேளைக்கு ஒரு குண்டான் ஊறவைத்த கொள்ளு, நாள் முழுக்க முன்கயிறும் பின்கால் கயிறும் கட்டி நிற்க வைப்பது, இதுதான் என் பராமரிப்பு. கொழுப்பு ஏறாமல் என்ன செய்யும்? குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்குச் சின்னது. நாளில் பாதிக்கு மேல் புல்லைக் கொறித்துக்கொண்டே நடக்கப் பிறந்த பிராணி அது. பாண்டிய நாட்டுக்கு 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, இங்கே ராஜா வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் குதிரை இறக்குமதி செய்கிறார், வளர்க்கத் தெரியாமல் பெரும்பாலானது செத்துப்போகிறது, சோறும் கறியும் வேகவைத்துப் போடுகிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். அந்த வம்சம்தான் நானும். கொள்ளைக் கால்வாசியாகக் குறைத்தேன், கோ-4 தீவனப் புல்லும் சோளத்தட்டும் எப்போதும் முன்னால் கிடக்கிற மாதிரி செய்தேன். மூன்று வாரத்தில் பாதி ஆட்டம் அடங்கியது. இதை எந்தப் பயிற்சி வீடியோவும் முதலில் சொல்வதில்லை, விற்பதற்கு ஒன்றும் இல்லை பாருங்கள்.

வீடியோ என்றதும்தான். நேச்சுரல் ஹார்ஸ்மேன்ஷிப், அதாவது குதிரையை அதன் இயல்பை ஒட்டியே பழக்குவது, என்ற வார்த்தையை அப்படித்தான் முதலில் கேள்விப்பட்டேன். இதன் வேர் அமெரிக்காவின் மேற்குப் பக்கத்து மாட்டுப் பண்ணைகளில் இருக்கிறது. டாம் டாரன்ஸ், அவர் அண்ணன் பில் டாரன்ஸ், அவர்களிடம் கற்ற ரே ஹன்ட் எல்லாம் வாழ்நாள் முழுக்கக் குதிரை முதுகில் இருந்தவர்கள். அதுவரை அங்கே முரட்டுக் குதிரையைப் பழக்குவதென்றால் கட்டிப்போட்டுச் சேணத்தை ஏற்றி, துள்ளி ஓயும்வரை விடாமல் உட்கார்ந்திருப்பது. இவர்கள் சொன்னது வேறு: தப்பான வேலையைக் குதிரைக்குச் சிரமமாக்கு, சரியான வேலையைச் சுலபமாக்கு, அதுவாகவே தேடிக் கண்டுபிடிக்கட்டும். பிறகு 1980களில் பாட் பரெல்லி வந்து இதற்கு ஏழு விளையாட்டு என்று பாடத்திட்டம் போட்டார், கயிறு, குச்சி, டிவிடி எல்லாம் விற்றார். மான்ட்டி ராபர்ட்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கப் பயிற்சியாளரை இங்கிலாந்து ராணி 1989இல் வின்ட்ஸருக்கே கூப்பிட்டு வித்தை காட்டச் சொன்னார். 'நேச்சுரல்' என்ற பெயரில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. குதிரை மேல் மனிதன் ஏறுவதில் இயற்கை எங்கே இருக்கிறது? கிரேக்கத்து செனபோன் 2,300 வருஷத்துக்கும் முன்னாலேயே, பலவந்தமாகச் செய்ய வைத்தால் குதிரைக்கு ஒன்றும் புரியாது, நாட்டியக்காரனைச் சாட்டையால் அடித்து ஆட வைக்கிற மாதிரிதான் இருக்கும் என்று எழுதிவிட்டார். புதுசு என்று சொல்ல அதிகமில்லை. ஆனால் வேலை செய்கிறது.

முதல் முயற்சியைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. சவுக்குக் கம்பு நட்டு ஐம்பதடி குறுக்களவில் ஒரு வட்டப்பட்டி போட்டேன். மான்ட்டி ராபர்ட்ஸ் பாணியில் குதிரையைச் சுற்றி ஓடவிட்டு, காது நம் பக்கம் திரும்பி, வாயை மென்று, தலை தாழ்ந்ததும் நாம் திரும்பி நின்றால் அது தானாக வந்து நம்மோடு சேருமாம். சித்திரை மாசத்து வெயிலில் இருபது நிமிஷம் ராசுவை விரட்டினேன். ஒருமுறை கம்பில் முட்டிக்கொண்டான், ஒருமுறை கிட்டத்தட்ட தாண்டிவிட்டான். கடைசியில் நின்றான், வாயை மென்றான், தலையைத் தொங்கப்போட்டு என் பக்கம் இரண்டு அடி வைத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலி ஓரம் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் கேட்டார், "ஏனுங்க, அது உங்ககூட சேர்ந்துச்சா, இல்ல சோர்ந்துச்சா?" விலாவில் வியர்வை நுரையாக ஒழுகிக்கொண்டிருந்தது. வாயை மெல்லுவது பணிவு என்று பலர் சொல்கிறார்கள். பதற்றம் இறங்குகிற நேரத்தில் உடம்பு தானாகச் செய்வது என்பதுதான் இப்போதைய ஆராய்ச்சிகள் பக்கம் இருக்கிற பேச்சு. அதற்கப்புறம் நான் அவனை விரட்டவில்லை. வட்டப்பட்டி இப்போது அவன் புரளுகிற இடம்.

உண்மையில் எங்களுக்கு உதவியது பன்னிரண்டு அடிக் கயிறு ஒன்று. கூடவே மெல்லிய கயிற்றில் முடிச்சுப் போட்ட முகக்கயிறு, இரும்பு எதுவும் இல்லை. முதல் பாடம் பின்னால் போ. அவனுக்கு நேர் எதிரில் நிற்காமல் கொஞ்சம் ஓரமாக நின்றேன், குதிரைக்கு மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது தெரியாது, கண் இரண்டும் பக்கவாட்டில் இருக்கிறது. கயிற்றைப் பாம்பு நெளிகிற மாதிரி லேசாக ஆட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஆட்டினேன். தலையை உயரத் தூக்கினான், ஒரு காது என் பக்கம், ஒரு காது ரோட்டுப் பக்கம். விடாமல் அதே அளவில் ஆட்டிக்கொண்டே இருந்தேன், கோபம் வராமல் இருக்கத் தென்னைமரத்தை எண்ணினேன். பதினாலாவது மரத்தில் அவன் நெஞ்சு கொஞ்சம் பின்னால் சாய்ந்தது, கால் நகரவில்லை, எடை மட்டும் ஒரு விரற்கடை பின்னால் போனது. கயிற்றை அப்படியே தொங்கவிட்டேன். அவன் மூச்சை நீளமாக விட்டான். நான் அரை நிமிஷம் சும்மா நின்றேன். மறுபடி ஆட்டினபோது ஐந்தாவது மரத்திலேயே ஒரு கால் பின்னால் போனது.

இழுக்கும்போது குதிரை படிப்பதில்லை, விடும்போதுதான் படிக்கிறது. கயிறு எந்த நொடியில் தளர்கிறதோ அந்த நொடியில் என்ன செய்துகொண்டிருந்ததோ அதுதான் சரியான விடை என்று எடுத்துக்கொள்ளும். இதைப் புரிந்துகொண்ட அன்று ராத்திரி படுத்தபடி யோசித்தேன். அவன் எழுந்து நிற்கும்போதெல்லாம் நான் என்ன செய்தேன்? பயந்து கயிற்றை விட்டேன். ஒவ்வொரு தடவையும். எனக்கு முன்னால் சந்தையில் ஒருவர் கயிற்றைச் சுண்டி அதையே வித்தையாகப் பழக்கி வைத்திருக்கிறார், கூட்டம் விசிலடித்தது, நான் பணம் கொடுத்தேன். ஆறு மாதமாக ராசு எழுந்து நின்று, 'சரிதானே?' என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான், நான் தென்னமட்டையால் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவன் எழுந்தால் கயிறு நீளமாக இருக்கும், நான் பக்கவாட்டுக்கு நகர்ந்து பின்பக்கத்தை ஒதுங்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பேன். பின்னங்கால் குறுக்கே நகர்ந்தால் எழுந்து நிற்க முட்டு கிடைக்காது. நாலு காலும் தரைக்கு வந்த பிறகுதான் கயிறு தளரும். அந்தப் பழக்கம் முழுக்க விட்டுப்போக இரண்டு மாதம் ஆனது. நடுவில் ஒரு நாள் அவசரப்பட்டுக் கையைச் சுற்றிக் கயிற்றைப் பிடித்து விரல் இரண்டு தோலுரிந்தது. தயவுசெய்து கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள், கையுறை போடுங்கள், வீட்டில் சின்னப்பிள்ளைகள் இருந்தால் காளைக் குதிரை, அதாவது காயடிக்காத ஆண் குதிரை, பக்கமே விடாதீர்கள்.

கடிப்பது வேறு சமாசாரம். காட்டில் திரிகிற குதிரைக் கூட்டங்களில் ஆண் குட்டிகள் இரண்டு மூன்று வயதில் தாய்க் கூட்டத்தை விட்டு வெளியே போய்விடும், போய் வயசுப் பையன்கள் கூட்டமாகச் சேர்ந்து திரியும், நாள் முழுக்கக் கழுத்தைக் கடிப்பது, முட்டியைக் கடிப்பது, எழுந்து மோதுவது. ராசுவுக்கு அந்த வயசு, கூட்டாளி நான் ஒருத்தன்தான். அவன் கடிக்க நான் அடிக்க, அவன் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு மறுபடி கடிக்க, அவனைப் பொறுத்தவரை அருமையான ஆட்டம். அதனால் மூஞ்சியில் அடிப்பதை நிறுத்தினேன். கையில் வைத்துத் தின்னக் கொடுப்பதையும் நிறுத்தினேன், அம்மாவின் வாழைப்பழத் தோல் உட்பட (அதற்கு வீட்டில் நடந்த சண்டை தனிப் பதிவாகும்). என்னைச் சுற்றி ஒரு கை நீளத்துக்கு உள்ளே அவனாக வரக்கூடாது. காது பின்னால் போய் மேலுதடு நீளும், அதுதான் அறிகுறி, கடித்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. உதடு நீண்டதும் கயிறு ஆடும், அவன் நாலு அடி பின்னால் போவான், நின்றதும் எல்லாம் அமைதி. முதல் வாரம் ஒரு மணி நேரத்தில் முப்பது தடவை. எண்ணிப் பார்த்தது நான் இல்லை, திண்ணையில் அம்மா.

பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் நான் அமெரிக்காக்காரர்களிடம் கற்றுக்கொண்டு வந்து அவரிடம் பெருமையாக விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே ராசுவின் முன்னங்காலை மேலிருந்து கீழே தடவிக்கொண்டு போய், கணுவில் நிறுத்தி, சாய்ந்து, காத்திருந்தார். ராசு எடையை மாற்றினதும் குளம்பு தானாக அவர் கைக்கு வந்தது, ஒரு மூச்சு நேரம் வைத்திருந்து, அவன் இழுப்பதற்கு முன்னால் அவரே கீழே வைத்துவிட்டார். "அவன் புடுங்குறதுக்கு முந்தி நாம குடுத்துரணும் தம்பி." இதைத்தானே நான் இவ்வளவு நேரம் சொன்னேன்! இப்படிச் சொல்வதால் பாயை ஞானி என்று நினைத்துவிட வேண்டாம், அடுத்த வாரமே வேறொரு குதிரைக்கு மேலுதட்டில் கயிற்றை முறுக்கிப் பிடித்துத்தான் லாடம் அடித்தார், கேட்டதற்கு, "அதுக்கு நேரம் இல்லீங்க, மூணு ஊரு போகணும்" என்றார். நேரம்தான் இதில் எல்லாம். எனக்குத் தோப்பும் ஒரே ஒரு குதிரையும் இருக்கிறது, அவருக்கு நாளைக்கு எட்டுக் குதிரை.

பயிற்சியைவிட அதிகமாக உதவினது ஒரு கிழக்குதிரை. ரேக்ளாவில் ஓடி ஓய்ந்த ஆண் குதிரை, இருபது வயசு இருக்கும், தீனிச் செலவுக்கு ஆளில்லாமல் நின்றது, கூட்டிவந்தேன். இரண்டு ஆண் குதிரையைச் சேர்த்துக் கட்டினால் ஒன்று செத்துப்போகும் என்று ஊரே சொன்னது. ஆனால் சுவிட்சர்லாந்தில் அவான்ஷ் என்ற ஊரில் இருக்கிற தேசியக் குதிரைப் பண்ணையில், இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்த காளைக் குதிரைகளையே மேய்ச்சல் நிலத்தில் ஒன்றாக விட்டுப் பார்த்திருக்கிறார்கள், முதல் சில நாளிலேயே சண்டை வெகுவாகக் குறைந்துபோனதாம். பெட்டை பக்கத்தில் இருக்கக்கூடாது, இடம் தாராளமாக வேண்டும். இரண்டு வாரம் நடுவில் வேலி வைத்தேன், கிழத்தின் பின்கால் லாடங்களைக் கழற்றினேன், அப்புறம் வேலியை எடுத்தேன். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். ராசு போய்க் கழுத்தைக் கவ்வினான், கிழம் திரும்பி ஒரே ஒரு உதை, விலாவில் பட்டும் படாமலும். மூன்றாம் நாள் இரண்டும் தலைமாறி நின்று ஒன்றன் பிடரியை ஒன்று சொறிந்து கொடுத்துக்கொண்டிருந்தன. நான் நாலு மாதமாகக் கயிற்றை ஆட்டிச் சொன்னதைக் கிழம் காதை மட்டும் மடக்கிச் சொல்லிவிடுகிறது.

இப்போது ராசு திருந்திவிட்டானா என்று கேட்டால், தை மாதம் ஊர்த் திருவிழாவுக்குப் பருவத்தில் இருந்த ஒரு பெட்டை வந்தது. காற்று வாக்கில் வாசனை வந்ததும் என் கையில் இருந்தது ராசு இல்லை, 350 கிலோ வேறு ஏதோ. ஆனாலும் எழுந்து நிற்கவில்லை, கடிக்கவில்லை, கத்திக்கொண்டே என்னைச் சுற்றி வட்டம் போட்டான், கயிறு ஆடினால் இரண்டு அடி பின்னால் போனான், மறுபடி கத்தினான். அரை மணி நேரத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எந்த ஹார்ஸ்மேன்ஷிப்பும் விதையை எடுத்துவிடாது. சாதிக் குதிரையைக் காயடிப்பதா என்று நம்மூரில் ஏதோ கொலைபாதகம் மாதிரி பேசுவார்கள். குட்டி எடுக்கிற எண்ணம் இல்லாதவன் காளையாக வைத்திருப்பது யாருடைய மீசைக்காக என்று நான் இப்போது கேட்கிறேன். மருத்துவரிடம் பேசியாகிவிட்டது, டெட்டனஸ் ஊசி போட்டாயிற்று, ஈ குறைந்து குளிர் வந்ததும் மார்கழியில் செய்யலாம் என்றார். மாமா அதிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

போன வாரம் நான் உரக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அம்மா கொட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் போகாதவள். ராசு கழுத்தை நீட்டினான். அம்மா முந்தானை நுனியைப் பிடித்து நான் கயிற்றை ஆட்டுகிற மாதிரியே ஆட்டி, "போடா பின்னால" என்றாள். போனான். அம்மா குனிந்து தொட்டியில் வாழைப்பழத் தோலைப் போட்டுவிட்டு, என்னைப் பார்த்ததும், "கையில குடுக்கல, தொட்டியிலதான் போட்டேன்" என்றாள்.

வலது பின்கால் மட்டும் இன்னும் தகராறுதான். நாளைக்குக் காலையில் பாய் வருகிறார்.